வால்வு தொட்டிக்குள் இருக்கும் காற்று

திருச்சி முத்தரசநல்லூரில் எடுக்கும் காவிரித் தண்ணீர், கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் புதுக்கோட்டை மாவட்டம் வழியாக ராமநாதபுரம் வரை போகிறது. வழிநெடுகச் சாலையோரத்தில் வால்வு தொட்டிகள் உண்டு. சாக்கடைக்குள் இறங்கினால் விஷவாயு தாக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். குடிநீர்த் தொட்டியில் என்ன வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் ஆபத்து தொடங்குகிறது. மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் தொட்டியில் இரும்புக் குழாய் துருப்பிடிக்கிறது. துருவுக்கு ஆக்சிஜன் வேண்டும்; அதை உள்ளே இருக்கும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தேங்கிய நீரில் அழுகும் இலைதழையும் மீதியைத் தின்கிறது. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக் கூடாது. ஆறு, ஏழு சதவீதத்துக்கு வந்துவிட்டால் ஏணியில் நிற்பவர் கூப்பிடக்கூட நேரமின்றிச் சுருண்டு விழுவார். மூச்சு முட்டுவதை நமக்கு உணர்த்துவது பெரும்பாலும் உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான்; ஆக்சிஜன் குறைவதை உடம்பு எளிதில் காட்டிக்கொடுக்காது. ஆகவே துரு தின்ற காற்றில் நாற்றமும் இல்லை, திணறலும் இல்லை.

அந்தக் காலத்தில் கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்த்தார்களே, அது போதாதா என்று கேட்கலாம். அவர்களிடம் இருந்த ஒரே கருவி அது. பல உயிர்களைக் காத்தும் இருக்கும். ஆனால் ஆக்சிஜன் 17 சதவீதத்தை ஒட்டி இறங்கும்வரை சுடர் எரியும். மனிதனுக்கான எல்லையோ அதற்கு முன்பே கடந்துபோயிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் நூறு பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து, மூக்கும் மரத்துப்போகும்; சுடரோ அசையாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்குக் காரணமாகும். முப்பது வருஷமாக இறங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் நேற்றைய காற்று இன்று அதே தொட்டியில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதைவிடக் கொடுமை, விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை, இத்தகைய மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்றது. பாசத்தால் இறங்குபவரைத் திட்டிப் பயனில்லை. இறங்காமலே தூக்க வழி இருக்க வேண்டும். முதல் ஆள் இறங்கும்போதே தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டிய பெல்ட், மேலே முக்காலியும் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும், கயிற்றை விட்டு நகராத ஒருவர், உள்ளே நல்ல காற்றை ஊதும் புளோயர், இவ்வளவும் தயாராக வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்தான இறங்கும் வேலை என்று கழிவுநீர்க் குழாய்களையும் செப்டிக் டேங்குகளையும் பற்றித்தான் பேசுகிறது. குடிநீர்த் தொட்டிக்கு அதைக் காட்ட முடியாது என்பதால் இந்த ஒழுங்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊராட்சிக்கு ஏது பணம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் தனித்தனியே வாங்க வேண்டாம். தொட்டிகளைத் தினமும் திறப்பதில்லை. மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் இந்தக் கருவிகளும் காற்றை அளக்கும் மீட்டரும் ஒவ்வொரு செட் இருந்தால், தேவைப்படும் ஊருக்கு வண்டியில் கொண்டுபோகலாம். குழாய் உடைந்து ஊரே குடத்தோடு நிற்கும்போது தாமதமா என்பார்கள். மீட்டரின் குழாயை மேலே, நடுவில், அடியில் என்று இறக்கிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். வால்வைத் திருகத் தொடங்கிய பிறகும் அந்த மீட்டர் உள்ளே இறங்கியவர் மார்பில் தொங்கி, காற்று கெட்டதும் அலறும்.