பித்தநாளக் குருதிப்பெருக்கு

பித்தநாளக் குருதிப்பெருக்கு என்பது தமனியிலிருந்து வெளியேறும் குருதி பித்தநாளத்தினுள் புகுந்து, அதன் வழியாகச் சிறுகுடலை அடையும் நிலையாகும். காயங்களாலும், கல்லீரல், பித்தப்பை, பித்தநாளம் ஆகியவற்றில் செய்யப்படும் சிகிச்சைகளாலும் இது ஏற்படலாம். இக்கட்டுரை அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படும் வகையை விளக்குகிறது. இது அரிதானது, எனினும் உரிய நேரத்தில் கண்டறியப்படாவிடில் உயிருக்கு ஆபத்தானது. மருத்துவ நூல்களில் ஹீமோபிலியா எனப்படும் இதனை, ஏறத்தாழ அதே ஒலிப்புப் பெயருடைய பரம்பரைக் குருதி உறையாமை நோயுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காரணம்

வலக் கல்லீரல் தமனி பெரும்பாலானோரில் பொதுக் கல்லீரல் நாளத்தின் பின்புறமாகச் செல்கிறது. பித்தப்பைக்கான தமனி பொதுவாக இதிலிருந்தே கிளைக்கிறது. இந்நெருக்கத்தால், பித்தப்பையை அகற்றும்போது கவ்வி, மின்வெப்பக் கருவி போன்றவற்றால் தமனிச் சுவர் சேதமடையக்கூடும். கசியும் பித்தநீரும் நோய்த்தொற்றும் அச்சுவரை மேலும் அரிக்கின்றன. வெளிவரும் குருதியைச் சுற்றியுள்ள இழையங்கள் தடுப்பதால் அது ஒரு பை போலத் தேங்குகிறது. இது போலித் தமனிப்புடைப்பு எனப்படும். இதற்குத் தமனியின் முழுமையான சுவர் இல்லாததால் எளிதில் வெடிக்கக்கூடியது.

அறிகுறிகள்

அறுவை முடிந்த முதல் நாளில் ஏற்படும் குருதிப்போக்கு பெரும்பாலும் கட்டு அல்லது கவ்வி நழுவுவதால் உண்டாகிறது. போலித் தமனிப்புடைப்போ சில நாட்களோ வாரங்களோ கழித்து, நோயாளி வீடு திரும்பிய பின்னரும் வெளிப்படலாம். வலது மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, குருதி வாந்தி அல்லது கருநிற மலம் ஆகிய மூன்றும் இதன் முக்கிய அறிகுறிகள். இவை மூன்றும் எல்லோரிடமும் ஒருங்கே காணப்படுவதில்லை.

பெருமளவு குருதிப்போக்குக்கு முன் சிறிதளவு குருதி வெளியேறித் தானே நின்றுவிடுவதுண்டு. உறைந்த குருதி நாளத்தைத் தற்காலிகமாக அடைப்பதாலும் இவ்வாறு நிற்கலாம் என்பதால், இதனைக் குணமடைந்ததாகக் கருதாமல் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

கண்டறிதல்

அகநோக்கியில், பித்தநாளம் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்திலிருந்து குருதி வடிவது தென்படலாம். சோதனையின்போது கசிவு நின்றிருந்தால் எதுவும் தெரியாமலும் போகலாம். எனவே நிறமியேற்றிய சி.டி. தமனி வரைவி முக்கியமானது.

சிகிச்சை

முதலில் குருதியேற்றம், நீர்மங்கள் மூலம் நோயாளியின் நிலை சீராக்கப்படுகிறது. பின்னர் தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாய் ஒன்று கல்லீரல் தமனிவரை செலுத்தப்பட்டு, உலோகச் சுருள்களால் கசிவிடம் அடைக்கப்படுகிறது. கல்லீரல் தமனிக் கிளைகளிடையே இணைப்புகள் உள்ளதால் மறுபுறத்திலிருந்தும் குருதி திரும்பி வரக்கூடும். ஆகவே சேதத்தின் இருபுறமும் அடைப்பது வழக்கம். தமனியின் குருதியோட்டத்தைக் காக்க வேண்டுமெனில் உறையிட்ட ஸ்டென்ட் பொருத்தப்படலாம். இம்முறைகள் பயனளிக்காதபோது அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. பித்தநாளத்தை அடைத்துள்ள உறைகட்டிகள் அகநோக்கி மூலம் அகற்றப்படலாம்.

கல்லீரலுக்கான குருதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாயிற்சிரை வழியாக வருவதால், தமனிக் கிளையை அடைத்தாலும் கல்லீரல் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. பித்தநாளங்களோ முக்கியமாகத் தமனிக் குருதியையே நம்பியுள்ளன. இதனால் பின்னர் நாளச் சுருக்கமோ கல்லீரல் சீழ்க்கட்டியோ ஏற்படலாம். வாயிற்சிரை அடைபட்டிருந்தால் ஆபத்து மிகுதி. எனவே அதன் ஓட்டம் முன்னதாகவே சோதிக்கப்படுகிறது.

வரலாறு

1654இல் பிரான்சிஸ் கிளிசன் இந்நிலையை முதலில் விவரித்தார். 1871இல் ஐன்ரிக் குயின்கே மூன்று அறிகுறிகளையும் தொகுத்துக் கூறினார். ஹீமோபிலியா என்னும் பெயரை 1948இல் பிலிப் சாண்ட்புளொம் வழங்கினார். தமனியைக் குழாய்வழி அடைக்கும் சிகிச்சை இந்நோய்க்குப் பயன்பட்டது 1976இல் பதிவாகியது.