நகரம் பரவும் வழியில் பஞ்சமி நிலம்

சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பல கிராமங்களும் அதில் அடக்கம். உத்திரமேரூர் பக்கம் வயலோரம் மனைக்கல் நடுவதைப் பார்ப்பவர்களுக்கு, அடுத்து என்ன என்ற கேள்வி எழாமல் இருக்காது.

ஒரு பெருநகரம் எந்தத் திசையில் பரவும் என்பதைக் கணினியில் கணிக்கிறார்கள். அமெரிக்கப் புவியியலாளர் கீத் கிளார்க் 1990களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு உருவாக்கிய ‘ஸ்லூத்’ முறை இதில் பெயர்பெற்றது. நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். பக்கத்துக் கட்டத்தில் வீடுகள் வந்துவிட்டால், அருகே சாலை போனால், தரை சமமாக இருந்தால், அந்தக் கட்டமும் நகரமாகிவிட வாய்ப்பு அதிகம். பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின், வருங்காலத்தை ஆண்டு ஆண்டாக ஓட்டிப் பார்ப்பார்கள்.

கட்டடம் வரக்கூடாத இடங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் வசதியும் அதில் உண்டு. நம் ஊர்ப் பெரிய ஏரியைக் குறிக்க யாரும் மறக்கமாட்டார்கள். பஞ்சமி நிலத்தை? செயற்கைக்கோள் படத்தில் அது வெறும் காலி இடம்.

இத்தனைக்கும் பஞ்சமி நிலத்தின் பிறப்பிடமே உத்திரமேரூரையும் உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். ஆட்சியர் டிரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. 10 ஆண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர்.

குடவோலைக் கல்வெட்டால் பெருமைபெற்ற ஊர் நம்முடையது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உள்ளவரே போட்டியிடலாம் என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. நிலமில்லாதவர் பெயர் அந்தக் குடத்தில் எப்படி விழுந்திருக்கும்?

ஆகவே கணிப்பை விட, எதைக் குறித்துக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். கல்லூரி மாணவர்கள் தங்கள் கிராமத்து ‘அ’ பதிவேட்டைப் பார்க்கலாம். இப்போதைய பதிவேட்டோடு நிறுத்தாமல், 1980களின் யு.டி.ஆர். திருத்தத்துக்கு முந்தையதையும் கேட்டு வாங்கி, ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு உள்ள சர்வே எண்களை எழுதி, கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய்.