முதல் வருஷம் கோட்டை விட்டவள் பேசுகிறேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அண்ணன் மகள் பையும் கையுமாக வந்து நின்றாள். நர்சிங் டிப்ளமா முதல் வருஷம். உடற்கூறு பேப்பரில் தேறவில்லை. "அத்தை, எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறேன். ஹாலில் போய் உட்கார்ந்தா ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்குது" என்று ஒரே அழுகை. முதலில் நாலு தோசை வார்த்துப் போட்டேன். வயிறு நிறைந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். "நானும் அதே பேப்பரில் கோட்டை விட்டவள்தான்டி!"

அவள் நம்பவில்லை. 36 வருஷம் சர்வீஸ் போட்டு ஓய்வு பெற்ற அத்தை பரீட்சையில் தோற்றவள் என்றால் யார்தான் நம்புவார்கள்?

விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில்தான். 1981-ல் மதுரையில் ஒரு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தது. அம்மா காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துத்தான் டிரங்குப் பெட்டி, வெள்ளை ஷூ எல்லாம் வாங்கினோம். "நீ சம்பாதிச்சுத் திருப்பிக் குடு தாயீ" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏற்றி விட்டாள்.

அங்கே போனால் பாடம் எல்லாம் இங்கிலீஷ்! எனக்குத் தெரிந்த ஒரே வழி குருட்டு மனப்பாடம். உடம்பில் 206 எலும்பு. பக்கம் பக்கமாகக் கிளிப்பிள்ளை மாதிரி உருப்போட்டேன். முக்கியமான வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டதில் புத்தகமே சிவந்துவிட்டது. பரீட்சையில் என்ன கேட்டார்கள் தெரியுமா? உடம்பிலிருந்து இதயத்துக்கு வரும் ரத்தம் எந்த வழியாகப் போய் மகாதமனியை அடைகிறது என்று. பெயர்கள் எல்லாம் தெரியும், வழி தெரியாது. தோற்றேன். வீட்டுக்கு மட்டும் "நன்றாக எழுதியிருக்கிறேன்" என்று கடிதம் போட்டேன். லீவுக்குப் போனபோது அம்மா காதுத் துளையில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அந்தப் பொய்க்காக அன்றைக்கு வெட்கப்பட்டது போல் பிறகு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

ஹாஸ்டலில் மூன்றாம் வருஷத்து அக்கா ஒருத்தி, நாகர்கோவில்காரி. மறுபரீட்சைக்கு நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, "புத்தகத்தை மூடு. இப்போ சொல்லு பார்ப்போம்" என்றாள். பத்து தடவை படித்த பக்கம்தான். திருதிருவென்று விழித்தேன். "கண்ணுக்குப் பழகிப்போச்சு, அதனாலே தெரிஞ்ச மாதிரி இருக்கு. வாய்க்கு இன்னும் வரலை" என்று சொல்லி, கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து வராந்தாவில் உட்கார வைத்துவிட்டாள்.

தரையில் கோலம் மாதிரி ஒரு நாலு அறை வீடு போட்டோம். வலது மேல் அறைக்கு உடம்பிலிருந்து ரத்தம் வருகிறது. அங்கிருந்து கீழ் அறை. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய் ஆக்ஸிஜன் வாங்கிக்கொண்டு இடது மேல் அறைக்குத் திரும்புகிறது. பிறகு இடது கீழ் அறை, மகாதமனி. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே கதவுகள். வலப்பக்கக் கதவுக்கு மூன்று மடல், இடப்பக்கத்துக்கு இரண்டு. கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். அழித்துவிட்டு, பார்க்காமல் மறுபடி போடு என்றாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. விட்டாளா? மறுநாள் போடச் சொன்னாள், நாலு நாள் கழித்து, அடுத்த வாரம் ஒரு தடவை. அதோடு, காலையில் வார்டில் யாரைப் பார்த்தாயோ அவர்களுடைய வியாதியைத்தான் அன்று மாலை படிக்க வேண்டும் என்று ஒரு கட்டளை. இதய நோயால் கால் வீங்கிய ஒரு பாட்டி இருந்தார். விரலால் அழுத்தினால் குழி விழும். வலது கீழ் அறை சரியாகத் தள்ளாவிட்டால் ரத்தம் பின்னால் தேங்கும், நீர் காலில் இறங்கும் என்பது என் கோலத்திலேயே தெரிந்தது!

அக்கா சொன்னதற்குப் பின்னாளில் ஆராய்ச்சியே வந்துவிட்டது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு பேர் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, புத்தகம் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. அக்காவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்!

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைட் டியூட்டி முடித்து வந்து கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு படிப்பேன். ஒன்றும் ஏறாது. படித்ததை மூளை நன்றாகப் பதித்துக்கொள்ளத் தூக்கம் வேண்டும். பிறகு முதலில் ஐந்து மணி நேரமாவது தூக்கம், அப்புறம் கஞ்சி, அப்புறம்தான் புத்தகம் என்று மாற்றிக்கொண்டேன்.

இதையெல்லாம் மார்க்குக்காக என்று நினைத்திருந்தேன். இரண்டாம் வருஷம் குழந்தைகள் வார்டில் ஒரு ராத்திரி. ஒரு கைக்குழந்தைக்கு ஜென்டாமைசின் 20 மில்லிகிராம் போட வேண்டும். குப்பியில் இருப்பதோ 2 மில்லியில் 80 மில்லிகிராம். கொதிக்க வைத்த கண்ணாடி சிரிஞ்சில் முழுக் குப்பியையும் உறிஞ்சிவிட்டேன். ஸ்டாஃப் சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "எவ்வளவும்மா எடுத்திருக்கே?" என்றார். "ரெண்டு மில்லி, சிஸ்டர்." "80 ரெண்டிலே இருந்தா 20 எதிலே இருக்கும்?" அரை மில்லி! நான் எடுத்திருந்தது நாலு மடங்கு. அந்த மருந்து அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும் என்று முந்தின வாரம்தான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். கை நடுங்கியது. சிஸ்டர் திட்டவில்லை. "கணக்கைக் காகிதத்திலே போடு, இன்னொருத்தர்கிட்டே வாய்விட்டுச் சொல்லு. அப்புறம் ஊசியைத் தொடு" என்றார். ஓய்வு பெற்ற நாள் வரை அப்படித்தான் செய்தேன்.

மறுபரீட்சையில் தேறினேன். 1985-ல் வேலையில் சேர்ந்து மூன்றாம் மாதம் கம்மலைத் திருப்பினேன்.

என் மருமகளை அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கையில் சாக்பீஸைக் கொடுத்தேன். "போனிலேயே படம் இருக்கே அத்தை" என்றாள். "போனைக் கீழே வச்சிட்டு வா" என்றேன். முதல் தடவை இடது மேல் அறையிலிருந்து நுரையீரலுக்குக் கோடு இழுத்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் வற்றலை அள்ளிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள், "இல்லையே, நுரையீரலிலிருந்துதானே இங்கே வரணும்" என்று தானே அழித்துவிட்டு மறுபடி போட ஆரம்பித்தாள்.