பற்றாசும் பொற்பூச்சும்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் முதலில் களிம்பைத் தேய்த்துப் போக்கி, நவச்சாரம் இட்ட பின்னரே ஈயத்தைத் தொடுவார் என்பதை இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் நேயர்கள் அறிவர். களிம்பேறிய உலோகத்தில் ஈயம் பற்றாது. வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் இதே நியதிதான்.

பலகையிலுள்ள செம்பு விரைவில் மங்கும். ஆதலால், பற்றாசு வைக்கும்வரை அதனைக் காக்க மேலே ஒரு பூச்சு இடுவர். முன்னாளில் அது பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்ததாயிருந்தது. 2006 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தவே, வெள்ளிப் பூச்சும் பொற்பூச்சும் பெருகின.

வெள்ளிக்குக் கந்தகம் பகை. கொலுசு கறுப்பதும் அதனாலேயே. றப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பதால், வெள்ளி பூசிய பலகைகளை றப்பர் வளையத்தால் கட்டிவைக்கலாகாது. றப்பர் நாட்டாருக்கு இது சற்று வேடிக்கையாயிருக்கலாம். கறுத்த வெள்ளியிலே பற்றாசு நன்கு பரவாது; ஆயினும் அக்குறை கண்ணுக்குப் புலப்படும்.

பொன்னின் குறையோ மறைந்திருப்பது. உருகிய பற்றாசில் அந்த மெல்லிய பொன் நொடியிலே கரைந்துவிட, பற்று உண்மையில் அடியிலுள்ள நிக்கலோடுதான் ஏற்படுகிறது. பொன் பூசும் கரைசல் நிக்கலை அளவுமீறி அரித்திருந்தால், பொசுபரசு மிகுந்த கரிய படலம் அங்கே எஞ்சும். வெளியே பற்று ஒழுங்காகவே தோன்றும். ஓர் அதிர்ச்சியில் விண்டுவிடும். விண்ட இடம் கறுத்திருந்தால், பழுதுபார்ப்பவர் மீண்டும் மீண்டும் பற்றாசு வைத்துக் கூலி வாங்குவதில் பயனில்லை, பலகையையே மாற்றவேண்டும்.