மீந்த ரொட்டியும் கூறு கட்டிய காய்கறியும்

புது தில்லி:

தலைநகரில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சந்தை இருக்கிறது. திங்கள்கிழமை கூடுவது சோம் பஜார். செவ்வாயன்று மங்கள் பஜார். புதனன்று புத் பஜார். கிழமையின் பெயரே சந்தையின் பெயர். எளிய மக்கள் நெருக்கமாக வாழும் குடியிருப்புகளில் மாலையில் சாலையோரமாக முளைக்கும் இச்சந்தைகள், இரவு பத்து மணி வாக்கில் சுவடின்றிக் கலைந்துவிடும். ஆறு மணிக்கு வருபவர்கள் காய்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் வருபவர்கள் விலையைப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

அதிகாலையில் ஆஸாத்பூர் மொத்தச் சந்தையில் வாங்கிய சரக்கைத் திரும்ப எடுத்துச் செல்ல வியாபாரிக்கு விருப்பமில்லை. வண்டிக் கூலிக்குக் கட்டாது. தராசை ஓரமாக வைத்துவிட்டு, நசுங்கிய தக்காளியையும் முற்றிய வெண்டைக்காயையும் கூறு கட்டி விற்கும் நேரம் அது. பேரம் முடிந்த பிறகு ஒரு பிடி கொத்தமல்லியும் நாலு பச்சை மிளகாயும் கொசுறாகக் கேட்பதைத் தில்லிப் பெண்கள் தங்கள் பிறப்புரிமையாகவே கருதுகிறார்கள். சில நிமிடங்களில் வீட்டு வாசலில் மளிகை தரும் பிளிங்கிட் நிறுவனம்கூட, 2024 மே மாதம், வாடிக்கையாளர் ஒருவருடைய தாயாரின் மனக்குறை சமூக வலைதளத்தில் வெளியானதும், காய்கறி வாங்குவோருக்குக் கொத்தமல்லியை இலவசமாகச் சேர்க்க முன்வந்தது.

விலைவாசி குறித்து நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்கும்போது மொத்த விலையும் சில்லறை விலையும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஒன்பது மணிக்கு மேல் சந்தைக்கு வரும் இந்தக் கூட்டம் அங்கே பேசப்படுவதில்லை. ஆனால், வருமானத்துக்கும் விலைக்கும் இடையிலான பள்ளம் நிரவப்படுவது இங்கேதான். இங்கிருந்து வீடு திரும்பிய பின் ஏறும் இரவு உலையில்தான்.

வடமாநிலங்களின் எளிய குடும்பங்களில் இரவுச் சமையல் பெரும்பாலும் பகலில் மீந்ததிலிருந்து தொடங்குகிறது. காலையில் வைத்த பருப்பு இறுகி இரண்டு கரண்டி மட்டும் மிஞ்சியிருந்தால், அதைச் சூடாக்கிப் பரிமாறுவது ஒருவருக்குக்கூடக் காணாது. அதையே தண்ணீருக்குப் பதிலாகக் கோதுமை மாவில் விட்டுப் பிசைந்து, ஓமமும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்துக் கல்லில் போட்டால் ஐந்து பேருக்குப் பராட்டா தேறும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும். புளித்த தயிரையும் யாரும் கொட்டுவதில்லை. கடலை மாவைக் கரைத்துவிட்டுக் கொதிக்கவைத்தால் 'கடி' எனப்படும் வடநாட்டு மோர்க்குழம்பு தயார். புதுத் தயிரில் செய்த கடியை அங்கே ஒருவரும் மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். மீந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கடுகு, மஞ்சள், வெங்காயம் தாளித்துக் கிளறினால் மகாராஷ்டிரத்தின் 'போட்னிச்சி போளி'. மோர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் குஜராத்தின் 'வகாரேலி ரோட்லி'. தமிழகத்து இட்லி உப்புமாவுக்கு இவை உறவுமுறை.

காய்கறியிலும் கழிவு என்று எதையும் எளிதில் ஒதுக்கிவிடுவதில்லை. முள்ளங்கியை வாங்கினால் இலையும் பொரியலுக்கு ஆகிறது. காலிபிளவரின் தண்டு மறுநாள் கறியாகிறது. குளிர்காலத்தில் பட்டாணியை உரித்தபின், அதன் தோலின் உட்பக்கத்துச் சவ்வை ஒவ்வொன்றாக நீக்கி, உருளைக்கிழங்குடன் வதக்குகிறார்கள். கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் சக்கரவர்த்திக் கீரை, 'பதுவா' என்ற பெயரில் மாவோடு பிசைந்து ரொட்டியாகிறது. தயிரில் கலந்து பச்சடியாகிறது. வங்காளத்தில் சுரைக்காய்த் தோலையும் உருளைக்கிழங்குத் தோலையும் கசகசா தூவி வறுக்கிறார்கள். காய்கறி அரிதான ராஜஸ்தானில் அப்பளத்தையே குழம்பில் போடுகிறார்கள். இவையெல்லாம் இன்று நட்சத்திர விடுதிகளில் 'மண்ணின் சுவை' என்று விலை போவதைப் பார்த்தால், முதன்முதலில் பட்டாணித் தோலை உரிக்க உட்கார்ந்த பெண்ணுக்குச் சிரிப்பு வரக்கூடும்.

பருவமும் கணக்கில் சேரும். தில்லியின் மே, ஜூன் வெயிலில் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் பருப்பு விடியும்வரை தாங்காது, ரொட்டி தாங்கும். ஆகவே கோடையில் பருப்பை இரவே தீர்த்துவிட்டு, ரொட்டியைத் துணியில் சுற்றிக் காலைத் தேநீருக்கு வைப்பது வழக்கம். அரிசி உண்ணும் கிழக்கு மாநிலங்கள் வெயிலையே துணைக்கு அழைத்துக்கொண்டன. சோற்றில் நீர் ஊற்றிப் புளிக்கவிடும் ஒடிசாவின் 'பகாளா', வங்காளத்தின் 'பாந்தா பாத்', அஸ்ஸாமின் 'பொய்தா பாத்' ஆகியவை தமிழகத்துப் பழைய சோறு அன்றி வேறல்ல.

பழையது வேறு, எச்சில் வேறு

தன் அடுப்பில் நேற்றுச் சமைத்தது இந்தியில் 'பாசி'. பிறர் இலையில் எஞ்சியது 'ஜூட்டன்'. தமிழில் பழையது, எச்சில் என்ற இரு சொற்களுக்கு இடையே உள்ள தூரமே இவ்விரண்டுக்கும் இடையிலும் இருக்கிறது. சிக்கனத்தை வானளாவப் புகழ்பவர்கள் இந்தத் தூரத்தை மறந்துவிடுகிறார்கள். உத்தரப் பிரதேச மாநிலம் முசாபர்நகர் மாவட்டத்தில் பிறந்த தலித் எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகி, 1997-ஆம் ஆண்டு வெளியான தம் தன்வரலாற்றுக்கு 'ஜூட்டன்' என்றே பெயரிட்டார். மேல்சாதியினரின் திருமண வீட்டு வாசலில் எச்சில் இலைகளுக்காகக் கூடையுடன் காத்திருந்த குடும்பத்தின் பிள்ளை அவர். சேகரித்த பூரித் துண்டுகள் வெயிலில் உலர்த்தப்பட்டு மழைக்காலப் பசிக்குச் சேமிக்கப்பட்டதை அந்நூல் பதிவு செய்துள்ளது. அதுவும் மீந்ததைக் கொண்டு நடத்திய சமையல்தான். ஆனால், அதைச் சிக்கனம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

இன்றைய தில்லி அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் கையில் மாலையில் கொடுத்தனுப்பப்படும் பாத்திரம், இவ்விரண்டு சொற்களில் எதற்கு உரியது என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. நேற்றைய பருப்பு அவர்கள் வீட்டில் யாரும் உண்ணாததாலேயே வந்து சேர்ந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுதோறும் 55 கிலோ உணவு கழிவாவதாக மதிப்பிட்டது. தோல், எலும்பு போன்ற உண்ண இயலாத பகுதிகளும் இதில் அடக்கம். சுரைக்காய்த் தோலையும் வறுத்துவிடும் வீட்டையும், பாதி விருந்தைக் குப்பைத் தொட்டியில் தள்ளும் வீட்டையும் இந்தச் சராசரி ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது.

அரசின் கை, அடுப்பின் கணக்கு

குடும்பத்தின் இரவு உணவில் அரசு தலையிடுவது புதிதல்ல. 1950 முதல் 1952 வரை மத்திய உணவு அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி, ஒரு வேளை உணவைக் கைவிடுமாறு மக்களை வேண்டினார். அவருடைய மனைவி லீலாவதி முன்ஷி, அகில இந்திய மகளிர் உணவு மன்றத்தின் சார்பில் 'அன்னபூர்ணா' உணவகங்களை நடத்தினார். அரிசியும் கோதுமையும் இல்லாத மாற்று உணவுகளை மக்களுக்குப் பழக்கவே அவை தொடங்கப்பட்டன. 1965-இல் பாகிஸ்தான் போரும் அமெரிக்கக் கோதுமை குறித்த நெருக்கடியும் சேர்ந்து வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவைத் தவிர்க்கக் கோரினார். திங்கள்கிழமை இரவுகளில் உணவகங்கள் பல கதவடைத்தன. அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் தமிழகத்தின் சி. சுப்பிரமணியம். அவர் முன்னின்று கொணர்ந்த புதிய கோதுமை ரகங்கள் பின்னர் களஞ்சியங்களை நிரப்பின.

களஞ்சியம் நிரம்பிய நாட்டில் பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம், 2023 ஜனவரி முதல் முற்றிலும் இலவசமாக வழங்கப்படுகிறது. 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு இத்திட்டம் நீட்டிக்கப்பட்டது. நாட்டில் 80 கோடிக்கும் அதிகமானோர் இதன் வரம்பில் வருகின்றனர். 5 கிலோ என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 166 கிராம். இது சிறிய உதவி அல்ல. எனினும், தானியத்தை உணவாக்குவதற்கான பருப்பு, எண்ணெய், வெங்காயம், எரிவாயு ஆகிய நான்கும் காசுக்குத்தான் கிடைக்கின்றன. துவரம் பருப்பு 2015 அக்டோபரில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2016 ஜூலையில் மக்களவையில் ராகுல் காந்தி 'அர்ஹர் மோடி' என்று கேலி செய்ததும் அந்தப் பின்னணியில்தான். அவையில் சிரிப்பொலி எழுந்தது. வீடுகளில் பருப்பில் தண்ணீர் கூடியது.

வானிலை எப்படித் தட்டுக்கு வந்து சேர்கிறது என்பதற்கு 2022 நல்ல சான்று. அவ்வாண்டு மார்ச் மாத வெப்ப அலையில் கோதுமை விளைச்சல் குறைந்தது. மே 13-இல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. கொள்முதல் சரிந்ததால், வட மாநிலங்கள் பலவற்றின் இலவச ஒதுக்கீட்டில் கோதுமையைக் குறைத்து அரிசி கூட்டப்பட்டது. ரொட்டி உண்ணும் வீடுகளில் இரவில் சோறு பெருகியது. மீந்த ரொட்டிக்கு நூறு வழி தெரிந்தவர்கள் மீந்த சோற்றுக்கு வழி தேட வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு தக்காளியின் முறை. 2023 ஜூலை, ஆகஸ்டில் தில்லியில் கிலோ 200 ரூபாயைக் கடந்தது. தேசியக் கூட்டுறவு நுகர்வோர் சம்மேளனத்தின் வாகனங்கள் முதலில் 90 ரூபாய்க்கும், ஒரு வாரத்துக்குள் 70 ரூபாய்க்கும் விற்றன. தரமான தக்காளி போதிய அளவில் கிடைக்கவில்லை என்று கூறி மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் பல, அதைத் தம் பட்டியலிலிருந்து நீக்கி வாசலில் அறிவிப்பு ஒட்டின. வீடுகளில் அறிவிப்பு ஏதும் இல்லை. மாங்காய்த் தூளும் தயிரும் தக்காளியின் இடத்தைப் பிடித்தன, குழம்பு ஓடியது. 1998 சட்டப்பேரவைத் தேர்தலில் வெங்காய விலைக்காகத் தில்லி அரசையே மாற்றியவர்கள் இதே வாக்காளர்கள் என்பதை எந்தக் கட்சியும் மறக்கவில்லை. அதனால்தான் விலை ஏறியவுடன் வாகனங்கள் வீதிக்கு வருகின்றன. ஏற்றுமதித் தடை வருகிறது. அந்தத் தடையின் சுமை நாசிக் விவசாயியின் தலையில் இறங்குவது தனிக் கதை.

எரிவாயுவின் பங்கு அதிகம் பேசப்படாத ஒன்று. 2023 மார்ச்சில் தில்லியில் 1,103 ரூபாயாக இருந்த 14.2 கிலோ சிலிண்டர், குறைக்கப்பட்டு, மீண்டும் உயர்த்தப்பட்டு, 2025 ஏப்ரலில் 853 ரூபாய்க்கு வந்தது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டப் பயனாளிகளுக்கு மானியம் உண்டு. அப்படியிருந்தும் 2024-25-இல் அவர்கள் சராசரியாக வாங்கியது ஆண்டுக்கு நான்கு சிலிண்டருக்குச் சற்றே அதிகம். ஒரு சிலிண்டர் மூன்று மாதம் அளவுக்கு வர வேண்டுமானால், விறகையும் வறட்டியையும் முற்றாகக் கைவிட இயலாது. இரண்டு வேளைக்கும் தனித்தனியே உலை வைக்கவும் இயலாது. பழையதை உண்பது பல வீடுகளில் அரிசியை மிச்சப்படுத்த அல்ல, எரிவாயுவை மிச்சப்படுத்தவே.

கடைசித் தட்டு

2023-24-ஆம் ஆண்டுக்கான குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகரங்களில் தலைக்கு மாதச் செலவு சராசரியாக 6,996 ரூபாய். அதில் ஏறத்தாழ 40 சதவீதம் உணவுக்கு. கிராமங்களில் 47 சதவீதம். ஆய்வாளர்கள் குடும்பம் வரை வந்து நின்றுவிடுகிறார்கள். குடும்பத்துக்குள் யாருக்கு எவ்வளவு என்பது அந்த அட்டவணைகளில் இல்லை. வட இந்தியாவில் பல வீடுகளில் சமைப்பவர் கடைசியாக உண்கிறார். ஆண்களும் குழந்தைகளும் உண்டபின் பருப்பில் காய்ந்த மிளகாயும் நீரும் மட்டும் இருந்தால், அன்று அவருக்கு ரொட்டியும் உப்பும். மீந்ததை வீணாக்காத இல்லத்தரசி என்று அவர் போற்றப்படுகிறார். மீந்ததுதான் அவருடைய பங்கு என்பதை யாரும் சொல்வதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர்; ஆண்களில் 25 சதவீதம். ரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு. கடைசித் தட்டும் அவற்றில் ஒன்று.

சிக்கனச் சமையலுக்கு நேரமும் வேண்டும், நல்ல முகவரியும் வேண்டும். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை ஊதியமின்றி அதில் செலவிடுவதாக 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு கூறியது. ஆண்கள் 88 நிமிடங்கள். முகவரி பற்றித் தில்லித் தமிழர்களுக்கே அனுபவம் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த 'மதராசி கேம்ப்' 2025 ஜூன் 1-இல் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடியிருப்புகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. வீடு ஒதுக்கப்பட்டதோ நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். ஜங்புராவில் வேலை செய்யும் வீடுகளும் போகல் சந்தையும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. நரேலாவிலிருந்து அதே வேலைக்கு வந்து திரும்புபவருக்குப் பேருந்துக் கட்டணம் ஒருபுறம் இருக்க, பருப்பைப் பிசைந்து பராட்டா சுட இரவில் தெம்பும் பொழுதும் மிஞ்சுவது கடினம்.

சென்னையின் அம்மா உணவகங்களை நினைவூட்டும் வகையில், 5 ரூபாய்க்கு உணவு வழங்கும் 'அடல்' உணவகங்கள் 2025 டிசம்பர் 25-இல் தில்லியில் தொடங்கப்பட்டன. இரவிலும் ரொட்டி, சோறு, பருப்பு, காய் கிடைப்பது தனியாகத் தங்கி உழைக்கும் தொழிலாளிக்குப் பெரும் ஆறுதல். குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பம் தினமும் இரவில் வரிசையில் நிற்க முடியாது. அவர்களுக்கு வீட்டு அடுப்புதான் கதி.

அந்த அடுப்புக்கும் ஆண்டில் ஒருநாள் விடுப்பு உண்டு. ஹோலி கழிந்த எட்டாம் நாள், சீதளா தேவிக்கு உரிய 'பசோடா'. அன்று வடமாநிலங்களின் பல வீடுகளில் நெருப்பு மூட்டுவதில்லை. பழையதே படையல், பழையதே உணவு. அதற்கு முந்தைய இரவு, பூரியும் இனிப்புச் சோறும் கடியுமாக இரண்டு நாள் சமையலையும் முடித்துவிட்டுத்தான் பெண்கள் படுக்கப் போகிறார்கள்.