ஞானப்பல் அகற்றல்: கடினமும் சிக்கல்களும்

ஞானப்பல் அகற்றல் என்பது பல்வரிசையின் கடைசியில் உள்ள மூன்றாம் கடைவாய்ப்பல்லை எடுக்கும் சிகிச்சை ஆகும். இப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. மற்ற பற்கள் இடம்பிடித்த பிறகே வருவதால், சிலருக்கு இது ஈறுக்கடியிலோ எலும்புக்குள்ளோ சிக்கிக்கொள்கிறது. இவ்வாறு சிக்கிய பல் புதைபல் எனப்படும்.

கடினத்தைத் தீர்மானிப்பவை

ஒரே வாயில் ஒரு ஞானப்பல் சில நிமிடங்களில் வந்துவிடலாம்; மற்றொன்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இந்த வேறுபாட்டுக்குப் பின்வருவன காரணமாகின்றன.

- சாய்வு: புதைபற்கள் முன்சாய்வு, பின்சாய்வு, கிடைநிலை, செங்குத்து எனப் பிரிக்கப்படுகின்றன. கீழ்த்தாடையில் முன்சாய்வே அதிகம். பின்சாய்ந்த பல்லை எடுப்பது கடினம். அது வெளிவரும் திசையில் தாடையெலும்பு குறுக்கே நிற்கிறது.
- ஆழம்: பல் ஆழத்தில் இருந்தால் ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது குடைந்து, பல்லைத் துண்டுகளாக்கி எடுக்க நேரிடும்.
- வேர்: வளைந்த வேர் எடுக்கும்போது முறியக்கூடும்.
- வயது: வயது ஏற ஏற எலும்பு இறுகுகிறது, புண் ஆறவும் நாளாகிறது.

சிக்கல்கள்

வீக்கம், வலி, வாய் திறப்பதில் சிரமம் ஆகியவை சில நாட்களுக்கு இயல்பானவை. கீழ்க்காண்பவை சிக்கல்களாகக் கருதப்படுகின்றன.

உலர் குழி: பல் இருந்த குழியில் உறையும் இரத்தம் எலும்பை மூடிக் காக்கிறது. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெளிப்பட்டுக் கடும் வலி உண்டாகும். இயல்பான வலி நாளுக்கு நாள் குறையும். உலர் குழி வலியோ 2 முதல் 4 நாட்களில் தோன்றிக் காதுவரை பரவும். புகைபிடித்தல் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

நரம்புப் பாதிப்பு: கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு ஞானப்பல்லின் வேரை ஒட்டிச் செல்லலாம். அது நசுங்கினால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும். அது உணர்வு நரம்பு என்பதால் உதடு கோணாது. நாக்கு நரம்பு பாதிக்கப்பட்டால் நாக்கு மரத்துச் சுவை குன்றும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பும். மிகச் சிலருக்கு மரப்பு நிலைத்துவிடும்.

மேல்தாடைத் துளை: மேல் ஞானப்பல்லின் வேர் மேல்தாடை எலும்பிலுள்ள காற்றறையை ஒட்டியிருப்பதால், வாய்க்கும் அதற்கும் இடையே துளை ஏற்படலாம்.

சீழ்க்கட்டு, அருகிலுள்ள பல் சேதமடைதல், அரிதாகத் தாடை எலும்பு முறிவு ஆகியவையும் நேரலாம்.

முன்னெச்சரிக்கை

முழுத்தாடை எக்ஸ்ரே வேருக்கும் நரம்புக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டும். தேவையானால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கப்படும். வேர் நரம்பை ஒட்டியிருந்தால், பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறையும் உண்டு. நீரிழிவு, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்து, எலும்புத் தேய்வு மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது.

நோயற்ற ஞானப்பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2000-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயற்ற புதைபல்லை முன்கூட்டியே எடுப்பதைக் கைவிடப் பரிந்துரைத்தது. அடிக்கடி ஈறு அழற்சி, சொத்தை, பக்கத்துப் பல் அரிப்பு, நீர்க்கட்டி ஆகியவை இருந்தால் எடுப்பதே நல்லது.

சிகிச்சைக்குப் பின்

முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளித்தல், வேகமாகத் துப்புதல், உறிஞ்சுகுழலில் குடித்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். இரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மரப்பு மறுநாளும் நீடித்தாலோ பல் மருத்துவரை அணுக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.