கோடத் கிண்ணங்களும் தலையைச் சுற்றிய ஆண்டெனாக்களும்

புனேக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், கோடத் கிராமத்தை மையமாகக் கொண்டு 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள் பரவி நிற்கின்றன. நம்ம ஊட்டியில் 1970-இல் ரேடியோ தொலைநோக்கி அமைத்த கோவிந்த் ஸ்வரூப்தான் இதற்கும் மூலவர். எல்லா ஆண்டெனாவின் அலையையும் காலம் ஒத்துச் சேர்த்தால்தான் படம் விழும்.

வலிப்பு வரும் என் தம்பிக்காக ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயங்குவது சுமார் 300 மெகாஹெர்ட்ஸில். அந்த அலையின் நீளம் மூளைக்குள் சுமார் 13 செ.மீ.தான், ஏறக்குறைய தலையளவு! ஆகவே அலைகள் நடுவில் கூடும். காதோரப் பகுதியில் ஒன்றையொன்று அழித்து இருட்டாக்கும். பலருக்கு வலிப்பின் வேர் அங்கேதான்! தலையைச் சுற்றி எட்டு ஆண்டெனா வைத்து, ஒவ்வொன்றின் வலிமையையும் காலத்தையும் தனித்தனியே திருத்தினால் இருள் குறையும். ஆனால் அலை அளவுக்குமேல் கூடும் இடத்தில் திசு சூடாகும். அந்தக் கணக்கையும் விடக்கூடாது. வானமோ மூளையோ, சூத்திரம் ஒன்றுதாங்க!